கண்ணுக்குக் கீழே இரண்டு கோடு

சுப்பராயன் காணாமல் போன ஒன்பதாவது நாள், தனக்கொடி தன் கல்யாணப் போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றி முந்தானையில் சுற்றிக்கொண்டு, பெரிய மார்க்கெட்டுக்குப் பின்சந்தில் இருந்த கண்ணையனின் அச்சு பிளாக் கடைக்குப் போனாள். அந்தக் கடைக்கு யாரும் சந்தோஷமாகப் போவதில்லை. புதுச்சேரியில் யார் செத்தாலும், ‘கண்ணீர் அஞ்சலி’ நோட்டீஸில் அச்சாகிற முகம் அங்கேதான் தயாராகும். வாசலில் நாலு பேர் நின்றால், “எந்த வீட்ல?” என்று விசாரித்துவிட்டுத்தான் போகிறவர்கள் போவார்கள். அப்படிப்பட்ட இடத்துக்கு, எங்கோ உயிரோடு இருக்கிற புருஷனின் முகத்தைத் தூக்கிக்கொண்டு போவதென்றால் எந்தப் பெண்ணுக்குத்தான் கால் எழும்? தனக்கொடிக்கும் எழவில்லை. போகாமல் என்ன செய்வாள்? போலீசில் எழுதிக் கொடுத்தாயிற்று. சொந்தக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் ஆள் அனுப்பியாயிற்று. கடற்கரையில் எது ஒதுங்கினாலும் ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு, அவனில்லை என்று திரும்பியும் ஆயிற்று.

கண்ணையன் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். பிரெஞ்சுக்காரன் காலத்து அச்சகத்தில் தொழில் கற்றவர் என்பதால் ஊர் அவரை, ஐயா என்பதற்குப் பதிலாக, முசே என்றே கூப்பிடும்.

“உக்காரும்மா. எத்தினி மணிக்கு எடுக்கிறீங்க?”

“எடுக்கறதுக்கு ஒண்ணும் இல்ல முசே. ஆளக் காணும்” என்றாள் அவள். அவருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. முக்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்து, போட்டோவை வாங்கிப் பார்த்தார்.

இருபத்தோரு வருஷத்துக்கு முந்தைய போட்டோ. உப்பின கன்னம், படிய வாரிய தலை, மாப்பிள்ளை முறுக்கு. அதில் இருந்த சுப்பராயன் பசியென்றால் என்னவென்று கேட்பான்.

“இப்ப இப்படியா இருக்காரு?”

“இல்ல.”

“பின்ன எப்படி?”

தனக்கொடி போட்டோவைத் திரும்ப வாங்கிப் பார்த்தாள்.

மில்லில் அவன் வேலை பார்த்த பிரிவை எட்டு மாதத்துக்கு முன்னால் மூடினார்கள். ஒரு மாதம் மில் கேட்டுக்கு முன்னால் போய் நின்றான். அப்புறம் போவதை விட்டுவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்தான், அதுவும் சுவரைப் பார்த்து. அவள் கோழி கூவுவதற்கு முன்னால் மார்க்கெட்டுக்கு வாழையிலைக் கட்டோடு போய்விடுவாள். மத்தியானம் திரும்பினால் அடுப்பு, தண்ணீர்க் குடம், மறுநாளைக்கு இலை சீவுகிற வேலை. பேச்சில் ஒன்றும் குறை வைக்கவில்லை. நாள் முழுக்க அவனோடு பேசிக்கொண்டுதான் இருந்தாள். எல்லாம் அடுப்பைப் பார்த்துக்கொண்டு பேசிய பேச்சு. அவன் தட்டில் எவ்வளவு சோறு மிச்சம் வைத்தான் என்று கேட்டால் நாள் தவறாமல் சொல்லுவாள். அவன் குதிகாலில் எத்தனை வெடிப்பு என்றும் சொல்லுவாள். முகத்தைக் கேட்டால்? எட்டு மாதமாக அந்த முகத்தை அவள் நின்று பார்க்கவே இல்லை. முசேக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் அது அவளுக்கு உறைத்தது. வெட்கமும் ஆத்திரமுமாக வந்தது.

“எளைச்சிட்டாரு முசே” என்றாள் கடைசியில்.

“எளைச்சவன் ஊர்ல பாதிப்பேரு இருக்கான்” என்றார் கண்ணையன். ஒரு ஜிங்க் தகட்டை எடுத்து அவளுக்கு முன்னால் வைத்தார். “இதப் பாரு. இது மேல நான் தார் மையால கோடு போடுவேன். அப்புறம் திராவகத்துல எறக்குவேன். மை இல்லாத எடத்த எல்லாம் திராவகம் தின்னுடும். மை இருக்கற எடம் மேடா நிக்கும், அதான் அச்சுல கறுப்பா விழும். முப்பது வருசமா இங்க வர்றவங்க எல்லாருக்கும் ஒரே பேச்சுதான். கோட்டக் கொறச்சுடு முசே, நெழல எடுத்துடு முசே, சிரிச்சாப்பல பண்ணிடு முசே! செத்தவங்க பட்ட கஷ்டத்த எல்லாம் திராவகத்துக்குத் தீனியாப் போட்டே எங்காலம் போயிடுச்சு. நீ ஒருத்திதான் கோடு வேணும்னு வந்திருக்க. போட்டுட்டாப் போச்சு. ஆனா எந்த எடத்துல எந்தக் கோடு? கன்னம் எவ்வளவு ஒட்டியிருக்கு? புருவத்துக்கு நடுவுல ஒரு கோடா, ரெண்டா? ஒண்ணு மாறினாலும் வேற ஆளு ஆயிடும்மா. அதக் கேட்டுகிட்டு வா.”

“யாரக் கேக்கறது?”

“அவரு மூஞ்சியப் பாத்தவங்களக் கேளு” என்றார் அவர், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல். அவளுக்குத்தான் அது சுருக்கென்று தைத்தது.

வெயில் மண்டையைப் பிளக்கிற ஆனி மாதம். செருப்பில்லாத காலோடு ஓடினாள். முதலில் தெருமுனை டீக்கடைக்குப் போனாள். டீக்கடை சக்கரபாணி யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டு, “குனிஞ்சிகிட்டேதான் குடிப்பாரும்மா, கிளாஸப் பாத்துகிட்டு” என்றான். மில்லில் சுப்பராயனோடு ஒரே பிரிவில் இருந்த உத்திராபதி வீட்டுக்குப் போனாள். அவன் தன் நெற்றியையே தொட்டுக் காட்டினான். “இங்க சுளிச்சுச் சுளிச்சு ஒரு வெட்டு விழுந்திருக்கும். இந்த மிஷின் சத்தத்துல நின்ன எங்க எல்லாருக்குமே இருக்கும். என்னுதப் பாரு, அதேதான்.” சரி, புருவத்துக்கு நடுவில் ஒரு கோடு கிடைத்துவிட்டது. அதை மறந்துவிடக் கூடாதே என்று விரலால் தன் நெற்றியில் கீறிக்கொண்டே நடந்தாள். பார்த்தவர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்!

அப்புறம்தான் அவளுக்கு முடிதிருத்துகிற இராமதாஸ் ஞாபகம் வந்தது. அந்த ஆளைத் தேடி முதலிலேயே போயிருக்க வேண்டும்.

“அண்ணன் மூஞ்சி எனக்கு அத்துப்படி” என்றான் இராமதாஸ். “எடது கன்னம் வலத விட உள்ள போயிடுச்சு, அந்தப் பக்கம் ரெண்டு கடவாப்பல்லு இல்ல. கத்தி அங்க வந்தா சறுக்கும். நாக்கால முட்டுக் குடுண்ணே, முட்டுக் குடுண்ணேன்னு சொல்லிதான் செரைப்பேன். தாடை எலும்பு ரெண்டும் துருத்திகிட்டு இருக்கும். மேலுதட்டுல இந்தப் பக்கம் ஒரு சுருக்கு.”

தனக்கொடிக்கு உயிரே வந்தது. “கண்ணு? கண்ணு எப்படி இருக்கும்?”

இராமதாஸ் கையை விரித்தான். “செரைக்கும்போது கண்ண மூடிக்குவாங்களே அக்கா.”

கண்ணில்லாத முகத்தோடு மறுநாள் கடைக்குத் திரும்பினாள். கண்ணையன் கேட்டுக்கேட்டு வரைந்தார். தாடை வந்தது, ஒட்டிய கன்னம் வந்தது, உதட்டுச் சுருக்கு வந்தது. கன்னத்துப் பள்ளத்தில் நெருக்கமாகச் சாய்கோடு இழுத்து, அதன்மேல் குறுக்காக இன்னொரு வரிசை இழுத்தார். மூன்றாவது வரிசை விழுந்தபோது அங்கே இருட்டு வந்து உட்கார்ந்துகொண்டது. பசி இப்படித்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதைக் கோட்டில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. தகட்டில் எல்லாம் இடம் வலமாக மாறியிருந்ததால் அவர் சின்னக் கண்ணாடி ஒன்றைப் பக்கத்தில் பிடித்துக் காட்டிக்கொண்டே இருந்தார்.

கண்ணுக்கு வந்ததும் தூரிகை நின்றது. அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். குனிந்து ஒரு கோடு. மறுபடியும் அவளைப் பார்த்தார். இன்னொரு கோடு.

“ஏன் முசே என்னையே பாக்கறீங்க?”

“அவரு கண்ணுதான் உனக்குத் தெரியலயே. உன்னுத எடுத்துக்கறேன்.”

“அடப் பாவமே! ஆம்பள மூஞ்சிக்குப் பொம்பள கண்ணா? நல்லா இருக்கே நாயம்!” என்று எழுந்தே விட்டாள்.

“உக்காரு. ஒரே ஒலைச் சோத்தத் தின்னுட்டு ஒரே கஷ்டத்தப் பட்டவங்க நீங்க ரெண்டு பேரும். குழி ஒரே எடத்துலதான் விழுந்திருக்கும்” என்றார் கண்ணையன். அவள் உட்கார்ந்தாள். கண்ணுக்குக் கீழே இரண்டு கோடு, பிறை மாதிரி வளைந்து, ஓரத்தில் இறங்கி. இமைக்கு மேலே கொஞ்சம் நிழல். அவ்வளவுதான் போட்டார்.

தகடு திராவகத் தொட்டியில் இறங்கியது. நுரைத்தது. மூக்கை எரிக்கிற புகை வந்தது. அவர் கோழி இறகால் நுரையைத் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டிருந்தார். அவள் இருப்புக் கொள்ளாமல் வாசலுக்கும் தொட்டிக்கும் நடந்தாள். கழுவி எடுத்து, மையுருட்டி, முதல் தாளை ஒற்றி எடுத்து நீட்டினார்.

தனக்கொடிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன்தான். அந்த வீட்டில் எட்டு மாதமாகச் சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருந்தவன்தான். ஆனால் இந்தக் கடையிலிருந்து போகிற எல்லா முகத்தையும் போலவே இதுவும் இருந்தது.

“செத்தவரு மாதிரி இருக்காரே, முசே!”

“அது கண்ணால வர்றது. வேணும்னா உளி இருக்கு, அந்த ரெண்டு கோட்டையும் சீவி விட்டுடறேன். சீவிட்டாத் திருப்பி ஒட்ட முடியாது, இப்பவே சொல்லிடறேன்.”

சீவினால் உயிருள்ள முகம், ஆனால் யாரோ ஒருத்தனுடையது. விட்டால் அவனுடைய முகம், ஆனால் பிணக்களை. எதைச் சொல்வது? ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் ஆள் கிடைக்கவே மாட்டானோ? தாளைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள், தள்ளி வைத்துப் பார்த்தாள்.

“இருக்கட்டும்” என்றாள். “பட்டத இல்லன்னு சொல்ல எனக்கு மனசு வரல.”

மறுநாள் கண்ணையனே அச்சுக் கோத்து அடித்த நோட்டீஸ் கட்டு வந்தது. உத்திராபதியும் மில்லில் வேலை போன இன்னும் ஏழெட்டுப் பேரும் பசை வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். பஸ் கண்டக்டர்கள் கையில் கொடுத்துக் கடலூர், விழுப்புரம், பண்ருட்டி வரைக்கும் அனுப்பினார்கள். நகராட்சி மேரி கட்டடத்திலிருந்து அரியாங்குப்பத்துப் பாலம் வரைக்கும் சுப்பராயன் சுவரில் நின்றான்.

நோட்டீஸில் ‘காணவில்லை’ என்றுதான் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. சுற்றிலும் கட்டைவிரல் பருமனுக்குக் கறுப்புக் கரை! முப்பது வருஷமாக முகம் போட்ட நோட்டீஸ் என்றாலே கறுப்புக் கரை கட்டிப் பழகிய கை, இதற்கும் கட்டிவிட்டது. தனக்கொடி ஓடிப்போய்க் கேட்டபோது கண்ணையன் தாளைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். “ஐயையோ! கை தன்னால செஞ்சிடுச்சும்மா. எனக்குத் தெரியவே இல்லியே!” திட்டலாம் என்று போனவளுக்கு அவர் முகத்தைப் பார்த்ததும் திட்ட வரவில்லை. ஒட்டினது ஒட்டினதுதான்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் கூத்து. படிக்கத் தெரிந்தவன்கூடக் கரையைப் பார்த்தால் எழுத்தைப் படிக்க மாட்டான் போலிருக்கிறது. வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்தார்கள். ஒருத்தி தெருவிலேயே மாரடித்துக்கொண்டு வந்தாள். தனக்கொடி விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு போய் அவளைத் துரத்தினாள். அதைவிடப் பெரிய கூத்து அரியாங்குப்பத்தில் நடந்தது. அங்கே சைக்கிள் கடை வைத்திருந்த அவள் அண்ணன் கொளஞ்சியின் வீட்டுக்கும் ஆட்கள் போய்விட்டார்கள். “நோட்டீஸ்ல உம்மூஞ்சி மாதிரி இருந்துச்சே” என்று அவனிடமே சொன்னார்கள். அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே கண் என்று ஊருக்கே தெரியும்.

கொளஞ்சி ஆள் அனுப்பித் தங்கையை வரவழைத்தான். பத்தொன்பதாவது நாள் அது. வாசலில் கால் வைக்கும்போதே பிடித்துக்கொண்டான்.

“ஏ தனக்கொடி, இன்னா வேல பண்ணி வச்சிருக்க? உம்புருசனக் காணும்னா உம்புருசன் மூஞ்சியப் போடு. என் கண்ணப் புடுங்கி அவனுக்கு வச்சியா? பஞ்சர் ஒட்ட வர்றவன்லாம் என்னைக் கிள்ளிப் பாக்கறான்!”

“அது என் கண்ணு அண்ணே. உன்னுது இல்ல.”

“ரெண்டும் ஒண்ணுதான! அடுத்த கட்டு ஒட்டின, கெழிச்சுப் போட்டுடுவேன்.”

அவன் கத்துவதற்கு வேறு காரணமும் இருந்தது. அவன் மனைவி பூவாயிக்கு அது தெரியும். தனக்கொடிக்கும் தெரியும். சுப்பராயன் காணாமல் போவதற்கு இரண்டு நாள் முன்னால், தனக்கொடியின் ஒரே மகளுக்கு வளைகாப்பு நடந்தது. சபையில் அத்தனை பேருக்கு நடுவில் கொளஞ்சிதான் சொன்னான்: “எங்க மாப்ள ஆபீசரு. உக்காந்த எடத்துலதான் அவருக்குச் சோறு.” எல்லாரும் சிரித்தார்கள். சுப்பராயனும் சிரித்தான். கை கழுவிவிட்டு வந்து மகளின் தலையில் கை வைத்துவிட்டுப் போனான். அவன் காணாமல் போனதிலிருந்து கொளஞ்சி சரியாகத் தூங்கவில்லை. தப்பு செய்துவிட்டோம் என்று சொல்லத் தெரியாத ஆம்பிளைக்குக் கத்தத்தானே தெரியும்?

“நீ பேசின பேச்சுக்குத்தான் அவரு போனாரு” என்றாள் தனக்கொடி. இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்தது. “அவரு கெடைக்கலன்னா உன் வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன். சாவுக்கும் வர மாட்டேன்.”

கொளஞ்சி கையை ஓங்கினான். பூவாயி நடுவில் விழுந்தாள். அந்தச் சமயத்தில்தான் வெளியே யாரோ செருமுகிற சத்தம் கேட்டது.

வாசலில் ஒரு ஆள் நின்றிருந்தான். பலாப்பழப் பால் அப்பிய சட்டை, தோளில் சுமைத்துண்டு, பல நாள் தாடி. கையில் வாழைநாரில் கட்டிய சாமந்தி மாலை. வெறும் காலோடு, தலையைக் குனிந்துகொண்டு, எழவு வீட்டுக்கு வந்தவன் நிற்கிற மாதிரியே நின்றிருந்தான்.

பூவாயிதான் முதலில் அலறினாள். “அண்ணே!”

சுப்பராயன் நிமிர்ந்தான். பந்தல் இல்லை, பறைச் சத்தம் இல்லை, கூட்டமும் இல்லை. எதிரில் ஓங்கிய கையோடு கொளஞ்சி நின்றுகொண்டிருந்தான். சுப்பராயன் மாலையைப் பார்த்தான், மச்சானைப் பார்த்தான். மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

“மச்சான்... நீங்க...”

“நான் இன்னாடா?” என்றான் கொளஞ்சி. அவன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“பண்ருட்டி மண்டியில மூட்ட தூக்கிகிட்டு இருந்தேன். பஸ் ஸ்டாண்டுல ஒட்டியிருந்தாங்க. கறுப்புக் கர கட்டி. எனக்குப் படிக்கத் தெரியுமா இன்னா? மூஞ்சியப் பாத்தேன். கன்னம்லாம் ஒட்டிப் போயி யாரோ மாதிரி இருந்துச்சு. ஆனா கண்ணு தனக்கொடி கண்ணு. அப்ப மச்சான்தான் போயிட்டாருன்னு...” அவன் சுமைத்துண்டைத் தோளிலிருந்து இறக்கினான். “நல்லதுக்கு வராம இருக்கலாம். சாவுக்கு வராம இருக்க முடியுமா? அதான் வந்துட்டேன்.”

கொளஞ்சியின் கை தானாக இறங்கியது. “எனக்கு மால போடவா வந்த?” என்றான். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். “நான் பேசினதுக்கு மாலையோட வந்தியே மாப்ள. போடுடா, போடு. நான் செத்தவன்தான்டா!”

தனக்கொடி அழவில்லை. ஓடிப்போய்ப் புருஷனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். ஆத்திரமா சந்தோஷமா என்று அவளுக்கே தெரியவில்லை. “அது நீங்கதான்யா! நோட்டீஸ்ல போட்டிருந்தது நீங்க! காணும்னு போட்டிருந்தது! இதுக்கோசரம் ஊரெல்லாம் கேட்டு, செரைக்கறவனக் கேட்டு...”

“நானா?” என்றான் அவன்.

பூவாயி உள்ளே போய், கொளஞ்சி கசக்கி எறிந்திருந்த நோட்டீஸை எடுத்து வந்து நீவிக் கொடுத்தாள். சுப்பராயன் மாலையைத் தரையில் வைத்துவிட்டு, வாசலில் உட்கார்ந்து, தாளை முழங்காலில் விரித்துப் பார்த்தான். தனக்கொடியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை அவள் தாளைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள், ஒவ்வொரு இடமாக. இராமதாஸ் சொன்ன கன்னம் சரிதான். உத்திராபதி சொன்ன வெட்டும் சரிதான். கண்ணுக்குக் கீழேதான் தப்பாகப் போயிருந்தது. அவனுக்கு அங்கே கோடே இல்லை, வெறும் வீக்கம். அழுகையை உள்ளேயே வைத்திருந்தவனின் கண் வேறு மாதிரி ஆகியிருந்தது. கண்ணையன் நினைத்தபடி குழி ஒரே இடத்தில் விழுந்திருக்கவில்லை.

அவன் விரல் தாளில் கன்னத்தைத் தொட்டது, தாடையைத் தொட்டது, கண்ணில் வந்து நின்றது.

“இது என்னுது இல்ல” என்றான். தாளை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினான். வெயில் நேராக அவள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. வெகுநேரம் பார்த்தான். அவள் கூச்சப்பட்டுத் தலையைத் திருப்பினாள். அவன் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினான்.

“இந்த ரெண்டு கோடு உனக்கு எப்பலேந்து இருக்கு?”

தனக்கொடி கண்ணுக்குக் கீழே தொட்டுப் பார்த்தாள்.

“எனக்கின்னாயா தெரியும்? நீங்கல்ல பாத்திருக்கணும்” என்றாள்.

உள்ளேயிருந்து பூவாயி சாப்பிடக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.